எழுதி வைத்துப் பாடினால் அது கற்பனை ஸ்வரமா?

இதை எழுதினால் எனக்குத் தெரிந்த பாட்டு வாத்தியார்கள் இரண்டு மூன்று பேர் என் வீட்டுப் பக்கம் வருவதை நிறுத்திவிடுவார்கள். பரவாயில்லை. எழுபத்திரண்டு வயதில் இனி யாருக்குப் பயந்து என்ன ஆகப்போகிறது?

விஷயம் இதுதான். கர்நாடக சங்கீதத்தில் கற்பனை ஸ்வரம் என்று ஒன்று உண்டு. பாட்டின் ஒரு வரியை எடுத்துக்கொண்டு, அந்த ராகத்தின் ஸ்வரங்களை அந்த நேரத்தில் மனதில் தோன்றுகிறபடி கோத்துப் பாடி, தாளம் தப்பாமல் மறுபடி அந்த வரியின் எடுப்பில் வந்து நிற்க வேண்டும். கச்சேரி கேட்டுப் பழகிய நம் வயதுக்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. பெயரிலேயே கற்பனை இருக்கிறது. ஆனால் இன்று நம் ஊர்ப் பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் இதை நோட்டில் எழுதி வாங்கி, நெட்டுருப் போட்டு, போட்டியில் ஒப்பிக்கிறார்கள். கேட்கிறவர்களும் கை தட்டுகிறார்கள். இது ஏமாற்று வேலை என்கிறேன். பிள்ளைகள் செய்யும் ஏமாற்று இல்லை. பெரியவர்கள் பிள்ளைகளுக்குச் செய்யும் ஏமாற்று.

ஊருக்கு உபதேசம் செய்ய வரவில்லை. என் வீட்டிலேயே நடந்ததைச் சொல்கிறேன்.

என் பேத்திக்குப் பன்னிரண்டு வயது. போன தை மாதம் திருச்சியில் ஒரு போட்டி. மோகனத்தில் ஒரு கீர்த்தனை, ஆதி தாளம், கூடவே நாலு சுற்றுக் கற்பனை ஸ்வரம். குழந்தை கணீரென்று பாடினாள். எனக்கு நெஞ்சு விம்மிவிட்டது. நடுவர்களில் ஒரு வயதான அம்மா, ரொம்பப் பிரியமாகத்தான் கேட்டார்: "நல்லா இருக்கும்மா. அதே வரிக்கு இப்ப வேற ரெண்டு ஆவர்த்தனம் பாடு பாப்போம். சின்னதா போதும்."

பேத்தி என்னைப் பார்த்தாள். என் மடியில் இருந்த நோட்டைப் பார்த்தாள். அப்புறம் தரையைப் பார்த்தாள். ஒரு ஸ்வரம்கூட வரவில்லை. உதடு துடித்தது, அழுதுவிட்டாள். ஊர் வந்து சேரும்வரை காரில் ஒரு வார்த்தை பேசவில்லை. அதன்பிறகு எட்டு மாதம் அவள் ஸ்ருதிப் பெட்டியைத் தொடவில்லை. "எனக்குப் பாட்டு வராது தாத்தா" என்று ஒரே பதில்.

அந்த நோட்டை எழுதிக் கொடுத்தது நான்தான்.

கருவூலக் கணக்கில் முப்பத்து நாலு வருஷம் வேலை பார்த்தவன் நான். சிறுவயதில் வர்ணம் வரைக்கும் பாட்டுப் படித்தேன். குடும்ப நிலைமை, நிறுத்திவிட்டேன். 2011ல் ஓய்வு பெற்ற மறு மாதமே திருக்கோகர்ணத்தில் ஒரு பெரியவரிடம் மறுபடி போய் உட்கார்ந்தேன். அவரிடம் ஆறு வருஷம் படித்தும், பேத்தி விஷயத்தில் புத்தி இப்படிப் போயிற்று. பரிசு ஆசை. அந்தக் குற்ற உணர்ச்சியில்தான் எழுதுகிறேன். கோபம் அதிகமாகத் தெரிந்தால் பாதி கோபம் என் மேல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பாட்டு வாத்தியார்களைக் கேட்டால் ஒரு பதில் தயாராக வைத்திருக்கிறார்கள். "மனோதர்மமெல்லாம் சொல்லிக் கொடுத்து வர்றது இல்ல சார். அது வந்தாத்தான் வரும். அதுவரைக்கும் எழுதிக் கொடுக்காம என்ன பண்றது?"

வந்தால் வரும் என்று காத்திருந்தால் சைக்கிள் ஓட்டக்கூட வராது. இந்தப் பேச்சை வேறு எந்த ஊரில் சொன்னாலும் பொறுத்துக்கொள்ளலாம். புதுக்கோட்டையில் சொல்லலாமா? லய வித்தையில் தனக்கென்று ஒரு பாணியே வைத்திருந்த ஊர் இது. கஞ்சிராவை இன்றைய வடிவில் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்தவர் என்று சங்கீத உலகம் சொல்லும் மான்பூண்டியா பிள்ளை இந்த ஊர்க்காரர். அரண்மனையில் விளக்குப் பிடிக்கும் வேலையில் இருந்தவர் என்று பெரியவர்கள் சொல்வார்கள். தவில் வித்வானிடம் லயம் படித்தவர். அவருடைய சீடர் தட்சிணாமூர்த்தி பிள்ளை மிருதங்கம், கஞ்சிரா இரண்டிலும் கொடி கட்டிப் பறந்து 1936ல் மறைந்தார். மான்பூண்டியா பிள்ளையின் இன்னொரு சீடர் முத்தையா பிள்ளையின் மகன்தான் பழனி சுப்பிரமணிய பிள்ளை. இடது கைப் பழக்கக்காரர். 1962ல் மறைந்த அவருடைய தனி ஆவர்த்தனத்தை இன்றும் ஒலிப்பதிவில் கேட்டு வியக்கிறோம். இவர்கள் மேடையில் வாசித்ததையெல்லாம் யாராவது நோட்டில் எழுதிக் கொடுத்தா வாசித்தார்கள்? அதே சமயம் வானத்திலிருந்தும் குதிக்கவில்லை. குருவுக்கு குரு, சீடனுக்குச் சீடன் என்று சொல்லிக் கொடுத்து வந்த வித்தை அது. சொல்லிக் கொடுக்க முடியாதது என்றால் மூன்று தலைமுறைக்கு எப்படி வந்தது?

பெரிய மேளத்தை நினைத்துப் பாருங்கள். நாம் சின்னப் பையன்களாக இருந்தபோது திருக்கோகர்ணம் கோயிலில் சுவாமி புறப்பாட்டுக்கு நாயனக்காரர் ஒரு ராகத்தை எடுத்தால், வீதி சுற்றி வரும்வரை அதே ராகம் ஓடும். அவர் பக்கத்தில் நம் வயதுப் பையன் ஒருவன் தாளம் தட்டிக்கொண்டு வருவான். இன்னொருவன் ஒத்துப் பிடிப்பான். அந்தப் பையன்களுக்கு அதுதான் பள்ளிக்கூடம். வருஷக் கணக்கில் காதில் விழுந்துகொண்டே இருக்கும். அப்புறம் ஒரு நாள் பெரியவர் மூச்சு வாங்கும் நேரத்தில், "ரெண்டு பிடி நீ வாசி" என்பார். இரண்டே இரண்டு பிடி. தப்பினால் இரைச்சலில் கரைந்துபோகும். வாண வேடிக்கைச் சத்தத்தில் யாருக்குத் தெரியப் போகிறது? கற்பனை வளர்ந்த இடம் அது. தப்பு செய்யப் பாதுகாப்பான இடம்.

அந்த இடத்தைத்தான் நாம் இல்லாமல் ஆக்கிவிட்டோம். இன்று ஒரு குழந்தை முதன்முதலாகக் கற்பனை ஸ்வரம் பாடும் இடமே மேடை. எதிரே நடுவர், மதிப்பெண் தாள், அப்பா கையில் செல்போன் வீடியோ. அங்கே போய் யார் கற்பனை செய்வார்கள்? ஒப்பிக்கத்தான் செய்வார்கள்.

நான் ஒரு முறை அமெரிக்காவில் மகன் வீட்டில் மூன்று மாதம் இருந்தேன். பக்கத்து நூலகத்தில் சனிக்கிழமை தோறும் ஜாஸ் வகுப்பு. பொழுது போகாமல் போய் உட்காருவேன். ஜாஸ் நம் மனோதர்மத்துக்குத் தூரத்து உறவு. ஒரு பாட்டை அடிப்படையாக வைத்துக்கொண்டு, அவரவர் முறை வரும்போது அங்கேயே இட்டுக்கட்டி வாசிப்பார்கள். அந்த வகுப்பில் பத்து வயதுப் பையன் ஒருவன், நாற்பது வயது அம்மா ஒருவர், என் வயதுக் கிழவர் ஒருவர், நன்றாக வாசிக்கத் தெரிந்த கல்லூரிப் பையன்கள் இருவர், எல்லோரும் ஒரே வட்டத்தில். நாலு நாலு எண்ணிக்கையாகப் பன்னிரண்டு பாகம், ஆக 48 தட்டு ஒரு சுற்று. ப்ளூஸ் என்று அதற்குப் பெயர். அந்தப் பத்து வயதுப் பையனுக்கு வாத்தியார் கொடுத்தது இரண்டே ஸ்வரம். "இந்த ரெண்டை வெச்சு என்ன வேணும்னாலும் பண்ணு, தாளத்தை மட்டும் விட்டுடாதே." அவன் வாசித்தான். கல்லூரிப் பையன் அதே சுற்றில் நூறு ஸ்வரம் பொழிந்தான். இருவருக்கும் ஒரே சுற்று, ஒரே மரியாதை. இவனுக்கு இன்னும் காலம் வரவில்லை என்று அந்தச் சின்னப் பையனை யாரும் ஓரமாக உட்கார வைக்கவில்லை.

வீட்டில் தனியாகப் பழகவும் அவர்களிடம் வழி இருக்கிறது. ஜேமி ஏபர்சோல்ட் என்ற வாத்தியார் 1967லேயே ஒரு புத்தகமும் இசைத்தட்டும் போட்டார். தட்டில் பக்கவாத்தியம் மட்டும் ஓடும். அதற்கு மேல் படிக்கிறவர் சொந்தமாக வாசித்துப் பழகிக்கொள்ளலாம். நம் கையில் இருக்கும் செல்போனில் இன்று தம்புராவும் தாளமும் இலவசமாகக் கிடைக்கிறது. அதை வைத்து நாம் என்ன செய்கிறோம்? எழுதி வைத்த ஸ்வரத்தை இன்னும் சுத்தமாக ஒப்பிக்கப் பழகுகிறோம்.

அந்த ஊரிலும் எல்லாம் சொர்க்கம் இல்லை. சார்லி பார்க்கர் என்ற மகா வித்வான் சின்னப் பையனாக இருந்தபோது, 1936 வாக்கில் கான்சாஸ் சிட்டியில் ஒரு கூட்டு வாசிப்பில் தடுமாற, டிரம்ஸ் வாசித்த பெரியவர் தாளத் தட்டைக் கழற்றி அவன் காலடியில் எறிந்தார் என்று ஒரு கதை சொல்வார்கள். பையன் ரோஷத்தோடு போய் இரவு பகலாகச் சாதகம் செய்து மேதையாகத் திரும்பினான். அவமானப்படுத்தினால்தான் வித்தை வரும் என்பவர்களுக்கு இந்தக் கதை ரொம்பப் பிடிக்கும். நான் கேட்பது ஒன்றுதான். திரும்பி வந்தவன் பெயர் நமக்குத் தெரியும். திரும்பி வராதவர்கள் எத்தனை பேர்? என் வீட்டில் ஒருத்தி எட்டு மாதம் திரும்பி வரவில்லை.

சரி, குறை சொல்வது சுலபம், வழி என்ன என்பீர்கள். என் பெரியவர் எனக்குச் செய்ததைச் சொல்கிறேன்.

முதல் நாளே அவர் சொன்னார்: "தம்பி, ஆதி தாளத்துக்கு எட்டு எண்ணிக்கை. எண்ணிக்கைக்கு ஒரு ஸ்வரம். மோகனத்துல நான் அஞ்சு பாடறேன், மிச்சம் மூணு நீ பாடு." அவர் ஸ ரி க ப த என்பார். நான் மூன்று ஸ்வரம் போட்டு முடிக்க வேண்டும். பாட்டின் வரி ஸட்ஜத்தில் ஆரம்பம். கீழே இறங்கி வந்தால் கடைசி ஸ்வரம் ரி. மேலே ஏறினால் கடைசி த. அவ்வளவுதான் சட்டம். கணக்குப் போட்டுப் பார்த்தேன், வேலைப் புத்தி போகுமா? மோகனத்துக்கு ஐந்து ஸ்வரம். கடைசி இடத்துக்கு இரண்டில் ஒன்று, மற்ற இரண்டு இடத்துக்கும் ஐந்து ஐந்து. ஆக ஐம்பது விதம். சரளி வரிசை முடித்து, மோகனத்தில் ஒரு கீதம் பாடத் தெரிந்த எட்டு வயதுக் குழந்தைக்கு இந்த ஐம்பதுக்குள் விளையாட முடியாதா? வர்ணம் முடியட்டும், இருபது கீர்த்தனை ஆகட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று எதற்காகத் தள்ளிப்போட வேண்டும்? பத்து வருஷம் ஒப்பித்தே பழகிய வாய் பதினோராவது வருஷம் திடீரென்று எப்படிப் பேசும்?

இது ஆரம்பப் படிப்பு. நடுவில் இருப்பவர்களுக்கு வேறு வியாதி. ஏழெட்டு வருஷம் படித்தவர்கள் கணக்கில் போய் மாட்டிக்கொள்கிறார்கள். நானும் மாட்டினேன். ஆதி தாளம் ஒரு ஆவர்த்தனத்துக்கு 32 மாத்திரை. ஐந்து ஐந்தாக மூன்று தரம் என்றால் 15. முன்னால் 17 நிரவினால் சமத்தில் வந்து விழும். இதைக் கண்டுபிடித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை. மறுநாள் பெருமையாகப் பாடிக் காட்டினேன். பெரியவர் கேட்டுவிட்டுச் சொன்னார்: "வரவு செலவு சரியா இருக்கு. மோகனத்தை எங்கப்பா காணோம்?"

அடுத்த மூன்று மாதம் எனக்குக் கணக்கு போடத் தடை. தாளத்தோடு ஒட்டிச் சும்மா சர்வலகுவாகப் பாடச் சொன்னார். மதுரை மணி ஐயர் ஒலிப்பதிவுகளைக் கேட்கச் சொன்னார். அவர் ஸ்வரம் பாடினால் எண்ணிக்கொண்டிருக்கத் தோன்றாது. தலை தானாக ஆடும். அந்த மூன்று மாதம்தான் நான் முதன்முதலாகப் பாடியது. அதற்கு முன் கூட்டல் போட்டுக்கொண்டிருந்தேன்.

மேலே இருப்பவர்களுக்கு, பெரிய வித்வான்களுக்கு, என்ன குறை என்று கேட்காதீர்கள். அங்கேதான் பயம் அதிகம். ஒரு தரம் கை தட்டு வாங்கிய கோர்வையை ஊர் ஊராகக் கொண்டுபோகிறார்கள். மார்கழியில் சென்னையில் கேட்டதை மாசியில் இங்கே கேட்கலாம். ஏன்? ஒரு தப்பு நடந்தால் மறுநாள் காலை அது உலகம் முழுக்கச் செல்போனில் சுற்றும். அதனால் அவர்களுக்கும் ஒரு நோட்டு இருக்கிறது. மனதுக்குள் இருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

இந்த இடத்தில் நம்மையும் சொல்ல வேண்டும். முன்வரிசையில் உட்கார்ந்து தொடையில் தாளம் போடுகிறோமே, நாம்தான். பாடகர் ஒரு புது வழியில் போய்த் தடுமாறி, அரை எண்ணிக்கை தள்ளி வந்து விழுந்தால் பக்கத்து ஆளைப் பார்த்துச் சிரிக்கிறோம். மூன்று தரம் சொல்லி வைத்தாற்போல் முடித்தால் கை தட்டுகிறோம். கொஞ்சம் தேடிப் பார்த்தவருக்குச் சிரிப்பு, பழையதையே கொண்டுவந்தவருக்குக் கை தட்டல். பிறகு வீட்டுக்கு வந்து, "அந்தக் காலம் போல வருமா?" என்று பெருமூச்சு விடுகிறோம். வராது. நாம் விட்டால்தானே வரும்?

இதற்கு ஒரு எதிர்வாதம் இருக்கிறது. அதைச் சொன்னது என் பேத்தி.

போன மாதம் அவளைக் குடுமியான்மலைக்கு அழைத்துப் போனேன். இங்கிருந்து இருபது கிலோமீட்டர்தான். நம்மில் பல பேர் சிகாநாதசுவாமி கோயிலில் கும்பிட்டுவிட்டு, பின்னால் குடைவரைக்குப் பக்கத்துப் பாறையைப் பார்க்காமலே வந்துவிடுவோம். அந்தப் பாறையில்தான் ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று அறிஞர்கள் சொல்லும் இசைக் கல்வெட்டு இருக்கிறது. பல்லவ கிரந்த எழுத்து. ஏழு பிரிவாக, நாலு நாலு ஸ்வரமாகப் பொறித்திருக்கிறார்கள். ஒரே ஸ்வரம் ர, ரி, ரு, ரெ என்று உயிர் மாறி மாறி வருகிறது. மகேந்திரவர்ம பல்லவன் வெட்டுவித்தது என்று வெகுகாலம் சொல்லி வந்தார்கள், ஒத்துக்கொள்ளாதவர்களும் உண்டு. ஆனால் கல்வெட்டு தன் வாயால் ஒன்று சொல்கிறது. ருத்ராசாரியாரின் சீடனான ஓர் அரசன் மாணவர்களின் நன்மைக்காக இதைச் செய்தான் என்று. ஆயிரத்து முன்னூறு வருஷத்துக்கு முன்னாலேயே நம் மாவட்டத்தில் பாட்டுப் படிக்கிற பிள்ளைகளைப் பற்றி ஒரு ராஜா கவலைப்பட்டிருக்கிறான் பார் என்று பெருமையாகச் சொன்னேன்.

அவள் பாறையை அண்ணாந்து பார்த்துவிட்டு, "அப்ப ராஜாவும் நோட்டுதானே தாத்தா எழுதிக் கொடுத்தாரு?" என்றாள்.

வாயடைத்துப் போனேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் பதில் வந்தது. ராஜா நாலு நாலு ஸ்வரமாக, ஒவ்வொரு ராகத்திலும் எப்படியெல்லாம் கோக்கலாம் என்று காட்டியிருக்கிறான். நான் அதை அப்படித்தான் புரிந்துகொள்கிறேன். பழகுவதற்கு எழுதிக் கொடுப்பது வேறு. பழகியவன் போல நடிப்பதற்கு எழுதிக் கொடுப்பது வேறு. வர்ணத்தில் வரும் சிட்டை ஸ்வரமும் எழுதி வைத்ததுதான், அதைப் பாடப் பாடத்தான் ராகத்தின் நடை பிடிபடுகிறது. எழுத்து வேண்டாம் என்று நான் எங்கே சொன்னேன்? ஏட்டுச் சுரைக்காயைச் சுரைக்காய் என்று சொல்லிக் கறி சமைக்காதீர்கள் என்றுதான் சொல்கிறேன். ராஜாவின் கல்லைப் பார்த்து யாரும் கச்சேரியில் ஒப்பித்து, "இது என் கற்பனை" என்று பரிசு வாங்கியிருக்க மாட்டார்கள்.

அவளுக்கு இவ்வளவும் சொல்லவில்லை. "நோட்டுதான்டா. ஆனா தாத்தா எழுதினது மாதிரி திருட்டு நோட்டு இல்ல" என்றேன். சிரித்தாள்.

திரும்பி வரும்போது காரில் நான் சும்மா ஸ ரி க ப த என்று பாடிவிட்டு நிறுத்தினேன். ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தாள். இரண்டாம் தரம் பாடினேன். மூன்றாம் தரம் மெதுவாக, "ப ம ரி" என்றாள்.

மோகனத்தில் மத்யமம் கிடையாது. முப்பத்து நாலு வருஷம் கணக்கில் தப்புக் கண்டுபிடித்தே சம்பளம் வாங்கியவன் நான். நாக்கு நுனி வரை வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு, மறுபடி ஸ ரி க ப த என்று ஆரம்பித்தேன். "ப க ரி" என்றாள். அடுத்த சுற்றில் "ஸ ப த" என்று மேலே போனாள். நான் சொல்லிக் கொடுக்கவில்லை.

இவள் பெரிய பாடகியாக வருவாளா தெரியாது. போட்டிக்கு இனி அனுப்பப் போவதில்லை, அவளாகக் கேட்டால் ஒழிய. அந்த நோட்டைக் கிழித்துப் போடலாம் என்று எடுத்தேன், அவள் வேண்டாம் என்று வாங்கி வைத்துக்கொண்டாள். பின்பக்கத்தில் ஏதோ எழுதுகிறாள். நான் கேட்கவில்லை.

உங்கள் வீட்டிலும் பேரன் பேத்திகள் பாட்டோ வயலினோ மிருதங்கமோ படித்துக்கொண்டிருப்பார்கள். இன்று சாயங்காலம் நோட்டை மூடி வைக்கச் சொல்லுங்கள். நீங்கள் ஐந்து பாடுங்கள், மீதி மூன்றை அவர்களிடம் விடுங்கள். பாடத் தெரியாவிட்டால் தாளம் மட்டும் போடுங்கள். தப்பாக வந்தால் ஒரு வாரத்துக்கு வாயைத் திறக்காதீர்கள். நமக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும்.